குமரியில் சின்ன உப்புத்தண்ணீர்த் தொட்டி: கடல் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

ஆரல்வாய்_காற்று:

எல்லோருக்கும் வணக்கம். நல்ல தண்ணீர் மீன் ரொம்ப காலமாக வளர்க்கிறேன். கப்பி, ஏஞ்சல், செடித் தொட்டி எல்லாம் பழக்கம்தான். இப்போது உப்புத்தண்ணீரில் சின்னதாக ஒரு ரீஃப் தொட்டி, அதாவது பவளப்பாறைக் கடல் மாதிரித் தொட்டி, வைக்க ஆசை. வீட்டில் இருக்கிற இடத்துக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் சரியாக வரும். கண்ணாடிக் கடையில் விசாரித்து வைத்திருக்கிறேன், இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

என் கணக்கு இது. கடல் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரை முட்டத்திலிருந்து கேனில் கொண்டு வந்துவிடலாம். மணலையும் அங்கேயே அள்ளலாம். கல், குட்டி மீன், முடிந்தால் ஒரு துண்டு பவளம் எல்லாம் கடலிலிருந்தே. ஆக, கண்ணாடியும் விளக்கும் மோட்டாரும்தான் செலவு. கோயம்புத்தூர்க்காரர் பாக்கெட் உப்பு வாங்கிக் கரைக்கிறார் என்றால் அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு எதற்கு? இதில் எது சரி, எது தப்பு என்று சொல்லுங்கள்.

வடசேரிக்காரன்:

தம்பி, வாங்க. தொட்டி அளவு நல்ல அளவு. நாலரை கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், கிட்டத்தட்ட 127 லிட்டர். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதற்குக் கீழே போகக்கூடாது என்பது என் கருத்து. 20, 30 லிட்டர் தொட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு நத்தை செத்தாலே தண்ணீர் கெட்டுவிடும். கண்ணாடி 8 மில்லி போதும், 10 மில்லி போட்டால் நிம்மதி. கல், மணல், கண்ணாடி சேர்த்து எடை 150 கிலோவைத் தாண்டும். மேசையில் வைக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்டு அடித்துக்கொள்ளுங்கள், உப்புக் காற்றுக்கு நல்ல பெயிண்ட் அடியுங்கள்.

கடலிலிருந்து எடுப்பதாகச் சொன்ன ஐந்தில் தண்ணீர் ஒன்றைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். அதுவும் காலம் பார்த்து. மணல் வேண்டாம். மீனைப் பற்றிப் பிறகு பேசலாம். கல்லும் பவளமும் பேச்சுக்கே இடமில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001இல் சேர்த்தார்கள். கடல்குதிரை, கடலட்டை, பெரிய கிளிஞ்சல் என்கிற ஜயன்ட் க்ளாம் வகைகளும் அதே இடத்தில்தான். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்துக் கரை ஒதுங்கிய துண்டை அலமாரியில் வைத்தாலும் குற்றம்தான். சிறைத் தண்டனை 3 ஆண்டில் தொடங்கி 7 ஆண்டு வரை போகும். உயிர்கள் ஒட்டி வளர்ந்திருக்கிற கல்லைத்தான் லைவ் ராக் என்று விற்கிறார்கள். கடலிலிருந்து பெயர்த்த லைவ் ராக்கில் பவளம் இல்லாமல் இருப்பது அபூர்வம். "பில் கிடையாது, ஆனால் நல்ல சரக்கு" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கடியப்பட்டணம்_முங்கல்:

அண்ணன் சொன்னது முழுக்க சரி. நான் கடலுக்குள் பார்த்ததையும் சொல்கிறேன். சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்குத் தெரியும், நம் பக்கம் பாரில், அதாவது கடலடிப் பாறையில், அங்கங்கே பவளம் ஒட்டியிருக்கும். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவைச் சுற்றி இருப்பதுபோல் பெரிய திட்டு இங்கே கிடையாது. இருக்கிறதே கொஞ்சம். அந்த இடத்தில்தான் மீன் குஞ்சு ஒதுங்கும், இறால் பதுங்கும், கணவாய் முட்டை வைக்கும். ஒரு துண்டை உளி போட்டு எடுத்தால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். அடுத்த வருஷம் பாசி மூடிவிடும். பவளம் திரும்பி வருவதை நான் பார்த்ததில்லை. அதனால் எங்கள் ஊர்ப் பையன்கள் யாராவது எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் வாங்காதீங்க.

தண்ணீர் விஷயத்தில் உதவ முடியும். ஆனால் கரையில் நின்று கேனில் மோந்து எடுக்கிற தண்ணீர் தொட்டிக்கு ஆகாது. முட்டம் துறைமுகம், குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று படகு நிற்கிற இடமெல்லாம் டீசல் மிதக்கும். ஆற்று வாய் பக்கமும் வேண்டாம். மணக்குடியில் பழையாறு, எங்கள் ஊர்ப் பக்கத்தில் வள்ளியாறு, தேங்காய்ப்பட்டணத்தில் நம் குழித்துறைத் தாமிரபரணி. மழை பெய்தால் அந்தப் பக்கம் உப்பு குறைந்து சேறும் வரும். உள்ளே போகிற வள்ளக்காரரிடம் சொல்லி, கரையை விட்டு நன்றாக விலகிய இடத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்க.

கேனை நீங்களே கொடுங்க. வள்ளத்தில் கிடக்கிற கேனில் பாதி மண்ணெண்ணெய் பிடித்த கேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாடை போகாது.

ஆரல்வாய்_காற்று:

ரொம்ப நன்றி அண்ணே. பவளம் விட்டாச்சு. இப்படி எல்லாம் தெரியாமல்தான் கேட்க வந்தேன். எந்த மாசம் தண்ணீர் எடுக்கலாம்?

கடியப்பட்டணம்_முங்கல்:

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் வேண்டாம். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் குளச்சல் பக்கம் விசைப்படகு போகாது, வள்ளம் போகும். ஆனாலும் அப்போது எடுக்க வேண்டாம் என்பேன். கடல் கலங்கிக் கிடக்கும், சில நாள் கையை விட்டால் ஐஸ் மாதிரி குளிரும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் வருகிற நேரம் சாளை நிறைய வரும், உங்கள் தொட்டிக்கு நல்லதா என்று டீச்சர்தான் சொல்லணும்.

தக்கலை_டீச்சர்:

நல்லதில்லை. தென்மேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிடும்போது அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வரும். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம், ஆக்சிஜன் குறைவு. கடலுக்கு அது உரம். நுண்பாசி பெருகும், சாளை அதைத் தின்ன வரும். தொட்டிக்குள் அதே உரம் விழுந்தால் கண்ணாடி முழுக்கப் பாசி பிடிக்கும்.

டிசம்பர், ஜனவரியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு நம் பக்கமும் வரும். பார்க்கத் தெளிவாக இருக்கும், அளந்தால் உப்பு குறைவாக இருக்கும். அதனால் எப்போது எடுத்தாலும் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம், அதாவது 35 பிபிடி வேண்டும். ஒப்படர்த்தி அளவில் 1.025, 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் சரிபார்த்தால் போதாது. 35 பிபிடி அளவுக் கரைசல் சின்னப் பாட்டிலில் கிடைக்கும், அதை ஒரு சொட்டு விட்டுத் திருகைச் சரிசெய்யுங்கள். முள் ஆடுகிற பிளாஸ்டிக் அளவியை நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே கணக்கு மாறிவிடும்.

கொண்டுவந்த தண்ணீரை அன்றைக்கே ஊற்றக்கூடாது. மூடி போட்ட டிரம்மில், வெளிச்சம் படாமல், ஒரு சின்ன மோட்டார் ஓடவிட்டு ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். அதிலிருக்கும் நுண்ணுயிரில் பாதி செத்து அடியில் பழுப்பாகப் படியும். மோட்டாரை நிறுத்திப் படியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் வடிகட்டிப் பைக்குள் விட்டு எடுங்கள்.

மார்த்தாண்டம்_மீன்கடை:

நான் நல்ல தண்ணீர் மீன் விற்கிறவன். ஒரு கேள்வி. இவ்வளவு அலைச்சலுக்கு, புத்தளம், சாமித்தோப்பு உப்பளத்தில் கல் உப்பு வாங்கி லிட்டருக்கு 35 கிராம் கரைத்தால் என்ன? அதுவும் கடல் தண்ணீரிலிருந்து வந்ததுதானே. நிறைய வாடிக்கையாளர்கள் இதைக் கேட்கிறார்கள்.

தக்கலை_டீச்சர்:

எல்லோரும் கேட்கிற கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உப்பளப் பாத்தியைப் போய்ப் பார்த்தால் புரியும். தண்ணீரை ஒரே பாத்தியில் காயவிட மாட்டார்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்திக்கொண்டே போவார்கள். தண்ணீர் அடர்த்தியாக ஆக, முதலில் கால்சியம் கார்பனேட் படியும். அடுத்த பாத்தியில் ஜிப்சம் படியும், அதுவும் கால்சியம்தான். தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் பாமே அளவில் 25ஐத் தாண்டிய பிறகுதான் நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு மணி மணியாக விழ ஆரம்பிக்கும். அதை வாரி எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கிற கசப்புத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடும்.

ஆக, கல் உப்பு கடலில் பிறந்ததுதான், ஆனால் கடலில் பாதி வழியிலேயே இறங்கிப் போனதும் கடைசியில் ஓடிப் போனதும் அதில் இல்லை. கடல் தண்ணீரில் லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல், மக்னீசியம் கிட்டத்தட்ட 1300 மில்லிகிராம். அது இல்லாமல் நத்தைக்கு ஓடு வளராது, இறாலுக்குச் சட்டை கழற்றிப் புதுச் சட்டை இறுகாது, கல்லில் படரும் ஊதாப் பாசி வராது. தொட்டிக்கென்று விற்கும் ரீஃப் உப்பில் இதையெல்லாம் அளந்து சேர்த்திருப்பார்கள். கடல் தண்ணீர் எடுக்க முடியாத மாதங்களில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 20 லிட்டர் மாற்ற முக்கால் கிலோ அளவு செலவாகும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம்_மீன்கடை:

இப்படி யாரும் சொன்னதில்லை டீச்சர். கடையில் எழுதி ஒட்டுகிறேன்.

வடசேரிக்காரன்:

மணலுக்கு வருகிறேன். நம் கரையில் கறுப்பும் சிவப்புமாக மின்னுகிற மணல் இருக்கிறதே, மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு ஆலை வைத்துப் பிரிக்கிற மணல், அதில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம். அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள், வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருகிற சாமான் இல்லை.

தொட்டிப் பக்கமிருந்து பார்த்தாலும் உதவாது. மோட்டாருக்குள் சுழலும் ரோட்டர் ஒரு காந்தம். கறுப்பு மணல் மெல்ல அதில் போய் ஒட்டும். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் ரோட்டரைச் சுற்றிக் கறுப்பு மீசை முளைத்திருக்கும். சத்தம் வரும், அச்சு தேயும், ஒரு நாள் நின்றுவிடும். ஆரகோனைட் மணல் வாங்குங்கள், அது கால்சியம் கார்பனேட். பணம் இடிக்கிறது என்றால் மணலே போடாமல் வெறும் கண்ணாடி அடியாக விடுங்கள். சுத்தம் செய்ய அதுதான் சுலபம்.

ஆரல்வாய்_காற்று:

கல்? கடல் கல்லும் இல்லை, லைவ் ராக்கும் இல்லை என்றால் ரீஃப் எப்படி வரும்? கரையில் கிடக்கிற பாறைத் துண்டை வைத்தால்?

வடசேரிக்காரன்:

நம் கரைப் பாறை கருங்கல் வகை. அதில் துளை கிடையாது. தொட்டியில் கல் வைப்பது அழகுக்கு மட்டும் இல்லை. மீன் விடுகிற அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது கல்லின் துளையில்தான். அதனால் துளையுள்ள கல் வேண்டும். கடையில் உலர்ந்த செயற்கைக் கல், பீங்கான் கல் கிடைக்கும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நீங்களே வார்க்கலாம். நம் மாவட்டத்தில் அதற்கான பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

சிப்பித் தோடு, அதாவது சிப்பி ஓடு, சாக்குக் கணக்கில் சும்மா கிடைக்கும். அதைச் சதை இல்லாமல் சுரண்டிக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சாக்கில் கட்டி உலக்கையால் இடிக்க வேண்டும். தூளாக வேண்டாம், பொரிகடலை அளவு. வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, தோடு மூன்று பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. தண்ணீர் கொஞ்சமே கொஞ்சம், கையில் பிடித்தால் பிடி நிற்கணும், ஒழுகக்கூடாது. ஈர மணலில் குழி தோண்டி, குழிக்குள் விரலால் மேடு பள்ளம் செய்து, கலவையை அள்ளிப் போட்டு, நடுவில் மணல் உருண்டை வைத்தால் அந்த இடம் குகையாக வரும். இரண்டு மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். அப்புறம் எடுத்து நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் கல் உப்பு கரைந்து போய் அந்த இடமெல்லாம் துளையாகும். டீச்சர் வேண்டாமென்ற கல் உப்பு இங்கே நல்ல வேலை செய்யும்.

அவசரப்படக்கூடாத இடம் இதற்குப் பிறகுதான். புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும், ஊறவைத்த தண்ணீரின் பிஎச் 11, 12 வரை ஏறும். வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றி, ஆறிலிருந்து எட்டு வாரம் ஊறவிடுங்கள். புதுத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்த பிறகும் பிஎச் எட்டரைக்குள் நின்றால் தொட்டிக்குத் தயார்.

மஸ்கட்டில்_குமரியன்:

மக்கா, கல் பற்றி ஒரு எச்சரிக்கை. யாராவது தொட்டியைக் கலைக்கும்போது பழைய கல் சும்மா தருவார்கள். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்கவே கூடாது. அதில் பவளத்தின் உறவான சோவாந்திட் வகை உயிர் ஏதாவது ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்கிற கொடிய விஷம் ஆவியோடு மூச்சுக்குள் போகும். வெளிநாடுகளில் குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் உண்டு. பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்துதான், கையில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் மோசம். வெயிலில் மாசக்கணக்கில் காயப் போடுங்கள், போதும்.

நான் இங்கே ஏசி அறையிலேயே, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வைத்துத்தான் தொட்டி ஓட்டுகிறேன். ஆரல்வாய்மொழி வீட்டில் வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது?

ஆரல்வாய்_காற்று:

செடித் தொட்டியில் ஏப்ரல் மாசம் 31 வரை பார்த்திருக்கிறேன். சில்லர் விலையைப் பார்த்தேன், தொட்டி, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் சேர்த்தாலும் அதற்குக் கீழேதான்.

மஸ்கட்டில்_குமரியன்:

31 இதற்கு ஆகாது. 25லிருந்து 27 நல்லது, 28ல் நிலையாக நின்றாலும் சரி. 30 தாண்டினால் ஆபத்து. உப்புத்தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிடிக்கும், கடல் தண்ணீர் ஆறு சொச்சம்தான் பிடிக்கும்.

ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலை சும்மாவா நிற்கிறது! காற்று உலர்ந்து அடிக்கிற ஊர். தண்ணீர் மேல்பரப்பில் சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைச் சாய்த்து வைத்தால் ஆவியாகிற வேகத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். குளச்சலில் ஈரக் காற்றில் இந்த அளவு இறங்காது. மேல்மூடி கண்ணாடி வேண்டாம், வலை போட்டுக்கொள்ளுங்கள், மீன் குதிக்கும். தொட்டி வைக்கிற அறை மேற்குச் சுவர் அறையாக இருக்கக்கூடாது.

அடுத்தது முக்கியம். ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். கல், மணல் போக உங்கள் தொட்டியில் சுமார் 100 லிட்டர் இருக்கும். ஃபேன் ஓடினால் தினம் 2 லிட்டர் போகலாம். அஞ்சு நாள் ஊற்றாமல் விட்டால் 90 லிட்டராகும், உப்பு 35லிருந்து 39க்குப் பக்கத்தில் போய்விடும். மீன் தாங்கினாலும் இறால் தாங்காது. அதனால் தினமும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் இல்லை. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிறவர் என்றால், குறைகிற தண்ணீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப் அப் வாங்கிவிடுங்கள், விளக்கில் மிச்சம் பிடித்தாவது.

தக்கலை_டீச்சர்:

அந்த நல்ல தண்ணீர் ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும், முடிந்தால் அதற்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடிக்கும் டிஐ ரெசினும். டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம், அல்லது அதையொட்டி. நாகர்கோவிலுக்கு வருகிற முக்கடல் அணைத் தண்ணீர் மென்மையானதுதான், ஆனால் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

செம்புக் குடத்தில் பிடித்து வைக்காதீர்கள். நமக்கு நல்லது என்று வைத்துக் குடிக்கிறோம், இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். பித்தளைக் குழாய், பித்தளை வாளியும் அப்படித்தான். உணவுப்பொருள் வருகிற பிளாஸ்டிக் டிரம் போதும்.

வடசேரிக்காரன்:

இப்போது சைக்கிள், அதாவது மீன் விடும் முன் பாக்டீரியாவைப் பெருக்குவது. நல்ல தண்ணீரில் செய்ததேதான். அம்மோனியா நைட்ரைட்டாகும், நைட்ரைட் நைட்ரேட்டாகும். இங்கே உலர்ந்த கல்லில் ஆரம்பிப்பதால் நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். உரிக்காத பச்சை இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் அது அழுகி அம்மோனியா வரும், நாற்றமும் வரும். வீட்டில் சண்டை வேண்டாமென்றால் அம்மோனியம் குளோரைடு வாங்கி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும் கணக்கில் போடுங்கள். போட்ட 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் பாக்டீரியா தயார். அன்றைக்குப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் நத்தையை விடுங்கள். மீனை விட்டு சைக்கிள் செய்யும் பழக்கம் வேண்டாம். மீனின் செவுள் வெந்துபோகும்.

இதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று மாதம்தான் பலர் தொட்டியை விற்றுவிடும் காலம். முதலில் பழுப்புப் பொடி மாதிரி டயாட்டம் படியும், அது போனதும் பச்சை முடிப் பாசி வளரும். கெமிக்கல் ஊற்றாதீர்கள். கையால் பிடுங்குங்கள், விளக்கை எட்டு மணி நேரத்துக்குள் வையுங்கள், வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். கல்லில் சின்னச் சின்னதாக ஊதாப் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். சுண்ணாம்புப் பாசி. அது வந்துவிட்டால் தொட்டி நம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஒரு தொட்டியில் மீனை விட இதைப் பார்க்கிறதில்தான் சந்தோஷம்.

கடியப்பட்டணம்_முங்கல்:

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! வாழையும் ரப்பரும் விழுந்து கம்பியெல்லாம் அறுந்து கிடந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் தொட்டி என்னாகும்?

மஸ்கட்டில்_குமரியன்:

மோட்டார் நின்றால் முதலில் போவது ஆக்சிஜன், சில மணி நேரத்தில். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் அந்தப் பயம் போகும். இன்வெர்ட்டர் இருந்தால், தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கர் மோட்டாரை மட்டும் அதில் மாட்டுங்கள், விளக்கு வேண்டாம். கரண்ட் வரும்வரை தீனி போடக்கூடாது. மீன் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கும், கெட்ட தண்ணீரில் இருக்காது.

ஆரல்வாய்_காற்று:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மீன் விஷயத்துக்கு வரலாமா? முட்டத்தில் பாறைக் குழியில் தேங்கி நிற்கிற தண்ணீரில் குட்டி மீன், குட்டி நண்டு எல்லாம் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்து விடலாமா?

கடியப்பட்டணம்_முங்கல்:

அதில் என்ன தப்பு? பாறை உளுவை கைக்குள்ளேயே அகப்படும். வெயிலில் சுடுகிற குழித் தண்ணீரிலேயே உயிரோடு இருக்கிற மீன், தொட்டியில் நன்றாகவே இருக்கும். சங்குக்குள் குடியிருக்கிற குட்டி நண்டும் பாசி தின்னும். நம் கடல் மீனை நம் வீட்டில் வைக்கிறதுக்கு எதற்கு வெளியூர் மீன்?

வடசேரிக்காரன்:

தம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நம் கரையின் உயிர்களை அடையாளம் தெரிந்து வைத்துப் பார்ப்பது நல்ல விஷயம், தாங்கும் சக்தியும் அவற்றுக்கு அதிகம். ஆனால் முதல் தொட்டிக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குழியில் கிடப்பதில் முக்கால்வாசி குஞ்சு. அது எந்த மீனாக வளரும் என்று புதியவருக்குத் தெரியாது. இரண்டு விரல் நீளக் குஞ்சு கலவாவாக இருந்தால் தொட்டியில் உள்ள எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பிறகு நோய். கடலிலிருந்து வருகிற மீனோடு வெள்ளைப் புள்ளி நோய் ஒட்டுண்ணி வரும், தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டரை மாசம் காலியாகப் போட வேண்டும். மருந்து செம்பு மருந்து. அதைக் கல் உள்ள தொட்டியில் ஊற்ற முடியாது, நத்தை, இறால் எல்லாம் செத்துவிடும்.

கடியப்பட்டணம்_முங்கல்:

குஞ்சு அடையாளம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அது சரிதான். முதலில் பழகட்டும், அப்புறம் ஒரு நாள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து என்னோடு வரட்டும், எது எது என்று காட்டித் தருகிறேன்.

தக்கலை_டீச்சர்:

பண்ணையில் பிறந்த க்ளவுன் மீனைச் சிபாரிசு செய்கிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் க்ளவுன் வகைகளைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. விழிஞ்ஞம் நமக்குக் கூப்பிடு தூரம், அங்கே பொதுமக்கள் பார்க்க கடல் மீன் காட்சியகமும் உண்டு, ஒரு நாள் போய்ப் பாருங்கள். பண்ணைக் குஞ்சு வாங்கி வந்த முதல் நாளிலிருந்தே குருணைத் தீனி தின்னும், தொட்டியைத் தவிர வேறு உலகம் பார்த்ததில்லை. கடை மீன் வாங்கினால் பண்ணையில் பிறந்ததா, பிடித்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

க்ளவுனுக்குக் கடல் சாமந்தி என்கிற அனிமோன் கட்டாயம் இல்லை. அதை வைப்பதாக இருந்தால் தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும்.

மார்த்தாண்டம்_மீன்கடை:

நீல டாங் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்த அளவுக்கு ஆகுமா?

வடசேரிக்காரன்:

ஆகாது. அது ஒரு அடி வளரும், 6 அடித் தொட்டி வேண்டும். 2 அடித் தொட்டிக்கு க்ளவுன் ஒரு ஜோடி, கோபி ஒன்று, க்ளீனர் இறால் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

பவளம் இல்லாமல் என்ன ரீஃப் என்று தம்பிக்கு மனதில் இருக்கும். நம் மாவட்டத்துக் கடல் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கிறது. பாறை, அதன் மேல் அலையில் சாயும் சிவப்பும் பச்சையுமான பாசி, இடுக்கில் மீன். அதையே தொட்டியில் செய்யுங்கள். க்ராசிலேரியா மாதிரிச் சிவப்புப் பாசி, ஒரு மூலையில் கீட்டோ என்கிற பச்சைப் பாசி, வேவ்மேக்கரை விட்டு விட்டு ஓடும்படி வைத்தால் பாசி சாய்ந்து நிமிரும். பாசி நைட்ரேட்டைத் தின்றுவிடும், விலை கூடிய நீல விளக்கும் தேவையில்லை, 6500 கெல்வின் வெள்ளை எல்இடி போதும். மிச்சமாகும் பணத்தில் ஆட்டோ டாப் அப் வாங்குங்கள். காலெர்பா என்கிற பாசியை மட்டும் யோசித்துப் போடுங்கள். வேகமாகப் படரும், சில சமயம் ஒரே இரவில் எல்லாம் வெளுத்துக் கரைந்து தண்ணீரைப் பாலாக்கிவிடும்.

ஆரல்வாய்_காற்று:

படிக்கப் படிக்க ஆசை கூடிக்கொண்டேதான் போகிறது. என் திட்டம் இப்படி மாறியிருக்கிறது. இந்த வாரம் தோடு இடித்துக் கல் வார்க்கிறேன். அது ஊறுகிற மாதங்களில் ஸ்டாண்டு, ஆர்ஓ, ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட். பிப்ரவரியில் கடியப்பட்டணம் அண்ணன் மூலமாகத் தண்ணீர், டிரம்மில் வைத்துப் பிறகு சைக்கிள். மணல் கிடையாது. பாசித் தொட்டியாகவே வைக்கிறேன். பண்ணை க்ளவுன் ஜோடிக்குக் கூடத் தனித்தொட்டியில் காவல் வைக்க வேண்டுமா? எவ்வளவு பெரிய தொட்டி?

வடசேரிக்காரன்:

வேண்டும். பண்ணையில் சுத்தமாக இருந்த மீன் கடைத் தொட்டியில் இரண்டு நாள் நின்றாலே நோய் ஒட்டும். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும், கல்லும் மணலும் வேண்டாம், ஒளிய பிவிசி குழாய்த் துண்டு இரண்டு போடுங்கள். நாலு வாரம் கவனியுங்கள், நோய் தெரிந்தால் மட்டும் மருந்து. அந்தத் தொட்டியின் வலையையும் குழாயையும் பெரிய தொட்டியில் நனைக்காதீர்கள்.

அங்கே ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. பெரிய தொட்டியில் சைக்கிள் ஆரம்பிக்கிற அன்றைக்கே அந்த ஸ்பாஞ்சையும் உள்ளே போட்டு ஓடவிடுங்கள், ஆறு வாரத்தில் அதிலும் பாக்டீரியா பிடித்திருக்கும். மீன் வாங்கக் கிளம்புகிற நாள் காலையில் எடுத்து டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.